புதைந்த ஞானப்பல்லை எடுக்க எந்த அறுவை முறை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்த்தாடையின் கோடியில் முளைக்க இடமில்லாமல் சாய்ந்து கிடக்கும் ஞானப்பல்லை எடுக்கப் பல வழிகள் உண்டு: டிரில், உளி, பீசோ, லேசர், வேரை உள்ளேயே விட்டுவிட்டுத் தலையை மட்டும் வெட்டி எடுப்பது. சென்னையில் நான்கு கிளினிக்குகளில் விசாரித்தால் நான்கு பெயர்கள் காதில் விழும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. பல் எப்படிக் கிடக்கிறது, வேர் எப்படி வளைந்திருக்கிறது, நரம்பு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்ற மூன்றும்தான் முடிவு செய்கின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

புதைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. ஞானப்பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். தாடையில் இடம் போதாவிட்டால் பாதி வந்து நிற்கும், அல்லது முழுதாக எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். எந்தத் தொந்தரவும் நோயும் இல்லாத புதைபல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எல்லா நாட்டினரும் அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் "எல்லோருக்கும் எடு" என்ற பழக்கம் அதன் பிறகு குறைந்தது.

எடுக்க வேண்டிய காரணங்கள் தெளிவானவை. பாதி முளைத்த பல்லின்மேல் மூடியிருக்கும் ஈறு மடிப்புக்குள் உணவு சிக்கி மீண்டும் மீண்டும் வீங்குவது, முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் சொத்தையாவது, அந்தப் பல்லின் எலும்பு கரைவது, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாவது. இரண்டாவது காரணத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். முன்பக்கமாகச் சாய்ந்த ஞானப்பல் வலியே தராமல் நல்ல பல் ஒன்றைப் பின்னாலிருந்து அரித்துவிடும். வலி தெரியும்போது அந்த நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை தேவைப்படும் நிலை வந்திருக்கும். அதனால் எடுக்காமல் விட முடிவு செய்தால், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனிப்பதாகவும் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு விஷயம்: வீக்கமும் காய்ச்சலுமாக இருக்கும் நேரத்தில் அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். சீழ் பிடித்த திசு அமிலத்தன்மை கொண்டது. அதில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. முதலில் ஈறு மடிப்புக்கு அடியில் சலைன் பீய்ச்சிக் கழுவி, தொற்றை அடக்கிவிட்டுத்தான் பல்லுக்குப் போவார்கள்.

ஓபிஜி எக்ஸ்ரேயில் டாக்டர் என்ன பார்க்கிறார்?

ஓபிஜி என்பது இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே. அதில் முதலில் பார்ப்பது சாய்வு. 1926இல் ஜார்ஜ் வின்டர் வகுத்த பிரிவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: முன்பக்கமாகச் சாய்ந்தது, பின்பக்கமாகச் சாய்ந்தது, நேராக நிற்பது, படுத்துக் கிடப்பது. அடுத்து ஆழமும் இடமும். 1933இல் பெல், கிரிகரி இருவரும் தந்த வகைப்பாடு இதற்கு. பல்லின் மேல்மட்டம் பக்கத்துப் பல்லின் மட்டத்தோடு இருந்தால் ஏ, அதன் கழுத்து வரை இறங்கியிருந்தால் பி, கழுத்துக்கும் கீழே என்றால் சி. தாடை எலும்பு மேலேறும் பகுதிக்கும், ஞானப்பல்லுக்கு முன்னால் உள்ள இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை 1, 2, 3 என்று குறிப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் "கிளாஸ் 2, பொசிஷன் பி" என்று எழுதியிருந்தால் அதன் பொருள் இதுதான்.

கீழ்த்தாடையில் மிகவும் படுத்துவது பின்பக்கமாகச் சாய்ந்த பல். படத்தில் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அதை நெம்பினால் அது போகும் திசையில் தாடை எலும்பு சுவர்போல் நிற்கிறது. முன்பக்கமாகச் சாய்ந்த பல் படத்தில் பயமுறுத்தினாலும் பெரும்பாலும் அதைவிட எளிதாக வரும்.

மூன்றாவது, வேர். ஒற்றைக் கூம்பாக இருந்தால் நல்லது. இரண்டு வேர்கள் எதிரெதிர்த் திசையில் வளைந்திருந்தால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். நான்காவது, கீழுதட்டுக்கும் உணர்வு தரும் கீழ்ப்பல் நரம்பு ஓடும் எலும்புக் குழாய். வேரின் நுனி அந்தக் குழாயைக் கடக்கும் இடத்தில் கருத்துத் தெரிவது, குழாயின் வெள்ளைக் கோடு அறுபடுவது, குழாய் திசை மாறுவது ஆகிய மூன்றும் நரம்பு ஒட்டியிருக்கிறது என்பதற்கான வலுவான எச்சரிக்கைகள். ரூட், ஷெஹாப் இருவரும் 1990இல் இத்தகைய ஏழு அறிகுறிகளைத் தொகுத்தார்கள்.

சிபிசிடி ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்களே?

மேற்சொன்ன எச்சரிக்கை ஏதாவது ஓபிஜியில் தெரிந்தால் எடுங்கள். தெரியாவிட்டால் தேவையில்லை. ஓபிஜி தட்டையான படம். நரம்பு வேருக்குக் கன்னப் பக்கம் போகிறதா, நாக்குப் பக்கமா, வேர்களுக்கு இடையிலா என்று அது சொல்லாது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி சொல்லும். அந்தத் தகவலால் அறுவைத் திட்டம் மாறும் என்றால்தான் கூடுதல் கதிர்வீச்சுக்கும் செலவுக்கும் நியாயம் உண்டு.

டிரில் முறையில் என்னென்ன நடக்கும்?

இன்று இங்கே அதிகம் செய்யப்படுவது இதுதான். கன்னப் பக்கத்து எலும்பில் பல்லைச் சுற்றி ஒரு கால்வாய் வெட்டி, பல்லைத் துண்டாக்கி வெளியே எடுப்பார்கள்.

மரத்துப்போகும் ஊசி: 2 சதவீத லிக்னோகெயினும் 1:80,000 அட்ரினலினும் கலந்தது. தாடையின் உள்பக்கம் நரம்பு நுழையும் இடத்தில் ஒன்று, கன்ன நரம்புக்கு ஒன்று. ஒரு பக்கத்துக்குப் பொதுவாக 2 முதல் 4 மி.லி. ஆகும். உதட்டின் பாதி தடித்ததுபோல் மரத்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கத்தியை எடுப்பார்கள். மரக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

ஈறு: இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்னாலிருந்து வெட்டு கன்னத்தை நோக்கி வெளியே சரிந்து போக வேண்டும். நேராகப் பின்னால் போகக் கூடாது. தாடை எலும்பு அந்த இடத்தில் வெளிப்பக்கம் விரிகிறது. நேராகப் போகும் கத்தி எலும்பை விட்டு நழுவி, நாக்கு நரம்பு இருக்கும் மென்திசுவில் இறங்கிவிடும். அந்த நரம்பு சிலருக்கு எலும்பின் விளிம்பு மட்டத்திலேயே ஓடுகிறது என்பதால் இதில் ஊகத்துக்கு இடமில்லை. முன்பக்கம் வெட்டைப் பற்களின் கழுத்தை ஒட்டியே கொண்டுபோனால் அது உறை மடிப்பு. கூடவே கீழ்நோக்கி ஒரு சாய்வெட்டு போட்டால் முக்கோண மடிப்பு. ஆழமான பல்லுக்கு முக்கோணம் நன்றாக வழிவிடும். ஆழம் குறைந்ததற்கு உறை மடிப்பே போதும், தைப்பதும் சுலபம்.

எலும்பு: ஹேண்ட்பீஸ் என்ற நேரான கைப்பிடியில் பர் என்ற சுழலும் வெட்டுமுனை (உருண்டை அல்லது 702 எண்), நிமிடத்துக்கு 30,000 முதல் 40,000 சுற்று. பல்லின் கன்னப் பக்கத்திலும் பின்பக்கத்திலும், பல்லின் அகன்ற இடம் தெரியும் வரை குறுகலான கால்வாய் வெட்டுவார்கள். நாக்குப் பக்கத்து எலும்பைத் தொடக் கூடாது. சலைன் இடைவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் செல்கள் சாகத் தொடங்கும். தண்ணீர் போதாமல் வெட்டிய எலும்பு மெதுவாக ஆறும், அதிகம் வலிக்கும், சில சமயம் சிம்பாகக் கழன்று வெளியே வரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல் அடைக்கப் பயன்படுத்தும் சாதாரண ஏர்ரோட்டார், காற்றழுத்தத்தில் ஓடி, காற்றை முன்பக்கமாகவே வெளியே விடுவது. திறந்த ஈறு மடிப்புக்குள் அந்தக் காற்று புகுந்தால் கன்னமும் கழுத்தும் சட்டென்று உப்பும். தொட்டால் நறநறவென்று இருக்கும். காற்று கழுத்து வழியாக நெஞ்சுக்கூடு வரைகூட இறங்கலாம். எலும்பு வெட்ட மைக்ரோமோட்டாரோ, காற்றைப் பின்பக்கமாக விடும் ஹேண்ட்பீஸோதான் சரி. "எலும்பு வெட்ட எந்த மோட்டார் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

பல்லை எடுத்தபின் கூர்மையான எலும்பு விளிம்புகளைத் தேய்த்து, பல்லைச் சுற்றியிருந்த பையைச் சுரண்டி, குழியைச் சலைனால் கழுவி, 3-0 பட்டு நூலாலோ கரையும் நூலாலோ தைப்பார்கள். குழியை இறுக்கி மூடாமல் கொஞ்சம் வடிய இடம் விட்டுத் தைத்தால் முதல் சில நாள் வீக்கம் குறைவாக இருக்கும்.

பல்லை ஏன் துண்டாக்க வேண்டும்? முழுதாக எடுத்தால் சீக்கிரம் முடியாதா?

முழுதாக எடுக்கப் பெரிய வழி வேண்டும். பெரிய வழிக்கு நிறைய எலும்பு போக வேண்டும். பல் எப்படியும் குப்பைக்குப் போவது, எலும்பு உங்களுடையது. அதனால் எலும்பைக் குறைவாகவும் பல்லை அதிகமாகவும் வெட்டுபவரே நல்ல சர்ஜன். எங்கள் அபிப்பிராயத்தில், ஒருவரின் கைத்தேர்ச்சியை இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

முன்பக்கமாகச் சாய்ந்த பல்லில் தலையின் பின்பாதியை வெட்டி எடுத்தாலே மீதி நிமிர்ந்து வர இடம் கிடைக்கும். படுத்த பல்லில் தலையைக் கழுத்தோடு வெட்டி முதலில் எடுத்துவிட்டு, காலியான இடத்துக்குள் வேர்களை ஒவ்வொன்றாக இழுத்து எடுப்பார்கள். வெட்டு பல்லின் அகலத்தில் முக்கால்வாசியோடு நிற்க வேண்டும். மீதியை எலிவேட்டர் என்ற நேரான நெம்புகருவியை நுழைத்துத் திருப்பிப் பிளப்பார்கள். முழுக்க பர் ஓடினால் அந்தப் பக்கம் இருப்பது நாக்கு நரம்பு.

நடுவில் தடக்கென்று ஒரு சத்தம் கேட்கும். பல் பிளந்த சத்தம்தான், தாடை உடையவில்லை. எலிவேட்டரில் முரட்டு பலம் காட்டுவதே உண்மையில் தாடையை உடைக்கக்கூடியது. ஆழ்ந்து புதைந்த பல்லின் கீழே எலும்பு மெலிந்திருக்கும். பல் அசையவில்லை என்றால் இன்னும் அழுத்துவது விடையல்ல, இன்னொரு வெட்டுதான் விடை.

வேர் நுனி 2, 3 மி.மீ. அளவுக்கு ஒடிந்து, தொற்றில்லாமல், நரம்புக்கு அருகே இருந்தால் அதைத் தோண்டாமல் விட்டுவிட்டு, நோயாளியிடம் சொல்லி, எழுதியும் வைப்பது ஏற்கத்தக்க முடிவு.

உளியும் சுத்தியும் வைத்து எடுப்பார்களாமே, அது பழைய முறையா?

பழையதுதான், மோசமானது இல்லை. பிரிட்டனில் சர் வில்லியம் கெல்சி ஃப்ரை உருவாக்கிய இதை டி.ஜி. வார்ட் 1956இல் விரிவாக எழுதினார். நாக்குப் பக்கத்து மெல்லிய எலும்பை உளியால் பிளந்து, பல்லை அந்தப் பக்கமாகத் திருப்பி எடுப்பது. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்னால் செங்குத்தாக ஒரு நிறுத்து வெட்டு, அங்கிருந்து பின்நோக்கி ஒன்று, பிறகு உளியைச் சாய்த்து வைத்து ஒரே தட்டில் உள்பக்க எலும்பைப் பிளப்பது. பழகிய கைக்குச் சில நிமிட வேலை. வெப்பம் கிடையாது. குழி கிண்ணம்போல் திறந்துகொள்வதால் ரத்தம் தேங்காது, சுத்தமாக ஆறும்.

குறை இரண்டு. நாக்கு நரம்பு தற்காலிகமாக மரத்துப்போவது டிரில் முறையைவிட இதில் அதிகம். சுத்தி அடியை விழித்திருக்கும் நோயாளி தாங்குவது கஷ்டம் என்பதால் முழு மயக்கத்தில் செய்வதே நல்லது. இள வயதினரின் நெகிழ்வான எலும்புக்கு இது ஒத்துவரும். நாற்பதைத் தாண்டிய இறுகிய எலும்பு எங்கே பிளக்கும் என்று சொல்ல முடியாது. இதை நன்றாகக் கற்றவர் செய்தால் பயப்பட வேண்டாம். எப்போதோ ஒருமுறை செய்பவரிடம் வேண்டாம்.

பீசோ என்றால் என்ன? அதிகப் பணம் கொடுக்கலாமா?

இத்தாலியின் தோமாசோ வெர்செல்லோட்டி பல் அறுவைக்குக் கொண்டுவந்த கருவி. முனை சுற்றாது, நொடிக்கு ஏறத்தாழ 24,000 முதல் 30,000 முறை நுண்ணிய அளவில் அதிரும். இந்த அதிர்வெண்ணில் கடினமான எலும்பு வெட்டுப்படும், மென்மையான நரம்பும் ரத்தக்குழாயும் கூடவே ஆடிக்கொடுத்துத் தப்பிவிடும். முட்டை ஓட்டை வெட்டி உள்ளிருக்கும் மெல்லிய தோலைக் கிழிக்காமல் விடுவதைக் காட்டித்தான் பயிற்சியில் இதை விளக்குவார்கள்.

பலன் உண்மையானது. டிரிலோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் முதல் வாரத்து வீக்கமும் வாய் திறக்க முடியாமையும் சற்றுக் குறைவாகவே வந்திருக்கின்றன. விலையும் உண்டு. எலும்பை மெதுவாக வெட்டுவதால் அறுவை நேரம் நீளும். அவசரப்பட்டு முனையை அழுத்தினால் அதிர்வு தடைப்பட்டு வெப்பமாக மாறும், வெட்டும் நின்றுபோகும். பல்லைத் துண்டாக்க அநேகமாக மறுபடி டிரிலுக்குத்தான் போக வேண்டும், பல்லின் எனாமலை பீசோ அவ்வளவு எளிதில் வெட்டாது. அதனால் "டிரிலே இல்லாமல்" என்ற விளம்பர வாசகத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

நரம்புக் குழாயை ஒட்டிய எலும்பை எடுக்க வேண்டியிருந்தால் பீசோவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நியாயமானது. பாதி முளைத்து நேராக நிற்கும் பல்லுக்கு வீண்.

லேசரில் வலியே இருக்காது என்கிறார்கள்?

எலும்பு வெட்டக்கூடியது எர்பியம் யாக் லேசர், 2,940 நானோமீட்டர் அலைநீளம். தொடாமல் வெட்டும், அதிர்வு இருக்காது. ஆனால் மிக மெதுவானது, எவ்வளவு ஆழம் போயிற்று என்று கைக்குத் தெரியாது. நிறைய கிளினிக்குகளில் இருக்கும் டயோட் லேசர் ஈறை மட்டுமே வெட்டும், எலும்பைத் தொடக் கூடாது. மரத்துப்போகும் ஊசி எந்த லேசருக்கும் வேண்டும்.

வேர் நரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. என்ன வழி?

கரோனெக்டமி. பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேர்களை வேண்டுமென்றே உள்ளே விடுவது. எக்குயர், டெபியன் என்ற இருவர் 1984இல் இதை விவரித்தார்கள். முதலில் கேட்கும்போது அரைகுறை வேலையாகத் தோன்றும். நரம்பைத் தொடாமல் இருப்பதற்காகச் செய்யும் திட்டமிட்ட அறுவை இது.

எல்லாம் அளவில் இருக்கிறது. விட்டுவைக்கும் வேரின் மேல்மட்டம் சுற்றியுள்ள எலும்பு விளிம்புக்கு 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் அதன்மேல் புது எலும்பு வளரும். எனாமல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அங்கே எலும்பு மூடாது. தலையை எலிவேட்டரால் பலமாகப் பிளக்கக் கூடாது, வேர் ஆடிவிடும். அதனால் மற்ற முறையில் முக்காலோடு நிற்கும் வெட்டு இங்கே ஏறக்குறைய முழுக்கப் போக வேண்டும், நாக்குப் பக்கத்தைத் தகட்டால் காத்துக்கொண்டே. உள்ளே தெரியும் பல்கூழுக்கு, அதாவது பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசுவுக்கு, வேர் சிகிச்சை எதுவும் செய்வதில்லை. ஈறை முழுதாக மூடித் தைப்பார்கள்.

அறுவையின்போதே வேர் ஆடிவிட்டால் அதையும் எடுத்தாக வேண்டும். இந்தச் சாத்தியத்தை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்காத டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். குறுகிய கூம்பு வேர்களில் இப்படி ஆவது அதிகம்.

சொத்தை பல்கூழ் வரை போன பல், ஏற்கெனவே ஆடும் பல், வேர் நுனியில் சீழ் பிடித்த பல், நரம்புக் குழாயின் போக்கிலேயே படுத்துக் கிடக்கும் பல் ஆகியவற்றுக்கு இது ஆகாது. தாடைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுக்கப்போகிறவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் செய்வதில்லை.

பிறகு என்ன ஆகும்? விட்ட வேர் முதல் ஓரிரு ஆண்டுகளில் சில மி.மீ. மேலே நகரும். நகரும்போது நரம்பை விட்டு விலகுகிறது. நூற்றில் ஒரு சிலருக்கு அது ஈறு வரை வந்து இரண்டாவது அறுவை தேவைப்படலாம். அப்போது நரம்பு தூரத்தில் இருக்கும் என்பதால் ஆபத்து குறைவு. முதல் நாள், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மறுபரிசோதனைக்கு வர முடியாதவர் இதைத் தேர்ந்தெடுக்கும் முன் நன்றாக யோசிக்கட்டும்.

மேல் ஞானப்பல்லுக்கும் இதே கதைதானா?

மேல்தாடை எலும்பு மென்மையானது, டிரில் அநேகமாகத் தேவைப்படாது. வாரிக் ஜேம்ஸ் எலிவேட்டரால் கன்னப் பக்கமாகவும் பின்பக்கமாகவும் நெம்பினால் வந்துவிடும். ஆபத்துகள் வேறு: பல்லின் பின்னுள்ள எலும்புக் குமிழ் ஒடிவது, மேல்பற்களுக்கு மேலே உள்ள காற்றறையான சைனஸுக்குத் துளை விழுவது, ஆழத்தில் இருக்கும் பல் பின்னால் நழுவிக் கன்னத் தசைகளுக்கு நடுவே போய்விடுவது. சைனஸ் திறந்துவிட்டதாகச் சொன்னால் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

பல் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பாட்டி சொல்கிறார்.

போகாது. பற்களுக்கு உணர்வு தருவது ஐந்தாம் மூளை நரம்பின் கிளைகள். பார்வை இரண்டாம் மூளை நரம்பின் வேலை. இரண்டும் தனித்தனிப் பாதை. மேல்பல்லில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே வீங்குவதைப் பார்த்து இந்தப் பயம் வந்திருக்கலாம். அந்த வீக்கம் பல்லை எடுக்காமல் விட்டதால் வருவது.

முழு மயக்கம் வேண்டுமா?

ஒன்றிரண்டு பற்களுக்கு ஊசியே போதும். நான்கையும் ஒரே நாளில் எடுப்பது, மிக ஆழமான பல், வாய் திறக்க முடியாதவர், கடும் பயம் உள்ளவர் ஆகிய நிலைகளில் மயக்கம் நியாயம். மயக்கம் என்றால் மயக்க மருத்துவரும் முழு வசதியுள்ள தியேட்டரும் இருக்க வேண்டும். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். வெறும் ஊசி என்றால் நேர்மாறு: நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நாற்காலியில் மயங்கி விழுபவர்களில் பலர் பயத்தில் காலை டிபனைத் தவிர்த்தவர்கள்.

ஊசியோடு எடுப்பதானால் வலது மேலும் கீழும் ஒருநாள், இடது மேலும் கீழும் இரண்டு மூன்று வாரம் கழித்து என்று பிரிப்பது நல்லது. சாப்பாட்டை மென்று தின்ன ஒரு பக்கமாவது மிஞ்சும்.

சுகர் இருக்கிறது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். எடுக்கலாமா?

எடுக்கலாம். முழு மயக்கம் இல்லாமல் மரத்துப்போகும் ஊசியோடு எடுப்பதானால், சுகர் மாத்திரையையும் காலைச் சாப்பாட்டையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, காலை நேரத்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. ஊசி சுகரை ஓரிரு நாள் ஏற்றிவிடும் என்பதால் உங்களுக்குச் சுகர் இருப்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் குழியின் ரத்தத்தைப் பஞ்சு, தையல், டிரானெக்ஸாமிக் அமிலம் கொண்டு நிறுத்திவிடலாம், இதய ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்டில் கட்டிய ரத்தக் கட்டியை அப்படி நிறுத்த முடியாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்றால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை அறுவைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். இதய நோயாளிகளுக்கு அட்ரினலின் அளவை 0.04 மி.கி.க்குள் வைப்பது வழக்கம். 1:80,000 கரைசலில் அது 3 மி.லி. சொச்சம். எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தவர்கள் அதன் பெயரைச் சொல்லாமல் அறுவைக்கு உட்காரவே வேண்டாம். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அவர்களுக்கு இருக்கிறது.

வலிக்கு என்ன மாத்திரை?

மரப்பு விடுவதற்கு முன்பே முதல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். ஐபுபுரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமாலும் சேர்ந்தால் பெரும்பாலோருக்குப் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் ஐபுபுரோஃபென் வேண்டாம். பாராசிட்டமால் நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது.

சென்னை மழைக்காலத்தில் இன்னொரு கவனம் தேவை. பல் எடுத்தபின் நல்ல காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் எல்லாவற்றையும் பல்லின் தலையில் போடாதீர்கள், டெங்குவாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை முடியும் வரை ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் மூன்றையும் நிறுத்திவிட்டுப் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரினை இதயத்துக்காகச் சாப்பிடுபவர் மட்டும் அதை நிறுத்துவதா என்று அன்றே தன் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வீட்டில் என்ன சாப்பிடலாம், எப்படிப் பார்த்துக்கொள்வது?

பஞ்சை 45 நிமிடம் கடித்தபடி இருங்கள். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். துப்பினால் குழியில் கட்டிய ரத்தம் கழன்றுவிடும், அதுதான் குழிக்கு மூடி. இளநீர் நல்லது, ஸ்ட்ரா வேண்டாம், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். முதல் நாள் ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்சாதம், ஐஸ்கிரீம். மறுநாள் இட்லியைப் பாலிலோ ஆறிய சாம்பாரிலோ ஊறவைத்துச் சாப்பிடலாம். சூடான காபியும் மிளகு ரசமும் முதல் 24 மணி நேரம் வேண்டாம். முறுக்கு, பொரி, எள்ளுருண்டை ஒரு மாதம் கழித்து. எள் குழிக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பது பாடு. ஆழ்ந்த பல் எடுத்த இடத்தில் தாடை பலம் பெற நாளாகும், கடினமானதைக் கடித்து இரண்டு மூன்று வாரம் கழித்து எலும்பு விரிசல் விட்டவர்களும் உண்டு.

முதல் நாள் 15 நிமிடம் ஐஸ், 15 நிமிடம் ஓய்வு. மறுநாளிலிருந்து ஐஸை நிறுத்திவிட்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சாப்பிட்டபின் தலையைச் சாய்த்து மெதுவாக நிரப்பி விடுங்கள், கொப்பளித்துப் பீய்ச்ச வேண்டாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சம். பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு குறைந்தது ஒரு வாரம் கூடாது. குழிக்குள் கிராம்புத் தைலம் விடாதீர்கள், ஈறைப் பொசுக்கும். மேடு பள்ளச் சாலையில் தனியாக பைக் ஓட்டிக்கொண்டு திரும்பாமல் யாரையாவது கூட்டி வாருங்கள். தையல் ஏழாம் நாள் பிரிப்பார்கள்.

மூன்று நாள் நன்றாக இருந்தது. நான்காம் நாள் காதுவரை குத்துகிறது. ஏன்?

குழி காய்ந்துவிட்டது. ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிவதால் வரும் வலி இது, கூடவே துர்நாற்றம். சீழ் இருக்காது, அதனால் ஆன்டிபயாடிக்கை மாற்றிப் பயனில்லை. டாக்டர் சலைனால் கழுவி மருந்துத் திரி வைத்தால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வலி இறங்கும். புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது அதிகம். முதல் நாளுக்குப் பிறகு 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் திரவம் ஒரு வாரம் பயன்படுத்தினால் வாய்ப்பு குறையும்.

மாறாக, நாளுக்கு நாள் வீக்கம் கூடுவது, விழுங்கும்போது வலிப்பது, தாடைக்கு அடியில் இறுகுவது, மூச்சு சிரமப்படுவது ஆகியவை காத்திருக்கும் விஷயங்கள் அல்ல. நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சென்னையில் எங்கே, என்ன கேட்டுக்கொண்டு போவது?

கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முக, தாடை அறுவைப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டுப் போடுங்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. கிளினிக் என்றால், எடுக்கப்போகிறவர் முக, தாடை அறுவையில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ முதுநிலைப் பட்டம் முடித்தவரா என்று கேளுங்கள். கட்டணத்தில் எக்ஸ்ரே, தையல் பிரிப்பது, குழி காய்ந்தால் மறுபடி வருவது எல்லாம் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். தேர்வுக்கோ கல்யாணத்துக்கோ முந்தைய பத்து நாளில் தேதி வாங்காதீர்கள்.

மறுநாளும் உதடு மரத்தே இருக்கிறது. எத்தனை நாள் பார்க்கலாம்?

ஊசியின் மரப்பு மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான். மறுநாள் காலையும் உதடு, முகவாய் அல்லது நாக்கின் பாதி மரத்திருந்தால் அன்றே போன் செய்யுங்கள். நிரந்தரமாக இப்படித் தங்கிவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வேர் நரம்பில் ஒட்டியிருந்தவர்களுக்கு ஆபத்து அதைவிட அதிகம். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் உணர்வு திரும்பும். எறும்பு ஊர்வதுபோன்ற உணர்ச்சி வந்தால் நரம்பு விழிக்கிறது என்று கொள்ளலாம்.

முதல் சந்திப்பிலேயே மரத்த எல்லையைப் பேனாவால் வரைந்து போட்டோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் அந்த எல்லை சுருங்குகிறதா என்பதே அளவுகோல். வைட்டமின் பி12 வகையான மெத்தில்கோபாலமின் மாத்திரை எழுதிக்கொடுப்பார்கள். அதைச் சாப்பிடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். நாக்கில் மூன்று மாதம் ஆகியும் ஒரு துளி மாற்றமும் இல்லையென்றால், நரம்பு நுண்ணறுவை செய்பவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்குமேல் தள்ளத் தள்ள, நரம்பைத் தைத்துச் சேர்ப்பதன் பலன் குறைந்துகொண்டே போகும்.